காம்பி பேக் கருக்கலைப்பு மாத்திரை: மருந்தில் குறையில்லை, கொடுக்கிற விதத்தில்தான் குறை

மெடிக்கலில் காம்பி பேக் என்று கேட்டால் தருகிற அட்டையில் மொத்தம் ஐந்து மாத்திரை. மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று, மிசோபிரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு. இரண்டையும் ஒரே அட்டையில் விற்க இந்தியாவில் 2008ல் அனுமதி கிடைத்தது. முறைப்படி எடுத்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வேறு சிகிச்சை எதுவும் தேவைப்படுவதில்லை. மயக்க ஊசி வேண்டாம், ஆபரேஷன் தியேட்டர் வேண்டாம். மருந்துக்குத் தாராளமாக நல்ல மதிப்பெண் போடலாம். அது பெண்ணின் கைக்கு வந்து சேருகிற வழிதான் மோசம்.

வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மிசோபிரோஸ்டாலுக்கு ஈரம் ஆகாது. முன்னும் பின்னும் அலுமினியத் தகடு உள்ள அட்டையில் அது கெடாமல் இருக்கும். மாத்திரை வெளியே தெரிகிற பிளாஸ்டிக் குமிழாக இருந்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் வீரியம் குறைய வாய்ப்பு அதிகம். தகடு கிழிந்ததையும் மாத்திரை உதிர்ந்ததையும் வாங்க வேண்டாம். முன்கூட்டியே பிரித்துக் காகிதத்தில் மடித்து வைப்பதும் தவறு.

இந்த அட்டை கர்ப்பத்தின் 63 நாள் வரைதான், அதாவது ஒன்பது வாரம். உறவுகொண்ட நாளிலிருந்து எண்ணக் கூடாது; கடைசியாக மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். இந்தக் கணக்கில் தவறுகிறவர்கள்தான் அதிகம். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள் ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. மாத்திரை எடுத்தும் ரத்தப்போக்கு வராமல், அடிவயிற்றின் ஒரு பக்கம் வலித்து, தோள்பட்டை வலியோ மயக்கமோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. காப்பர்-டி உள்ளே இருந்தால் முதலில் எடுக்க வேண்டும். கடுமையான ரத்தசோகை, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, நீண்ட நாள் ஸ்டீராய்டு, நெகட்டிவ் ரத்த வகை, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் வேலையை அது தடுக்கிறது. அன்றைக்குப் பலருக்கு எதுவும் தெரியாது. ‘கேட்கவில்லை’ என்று நினைத்து அதோடு விட்டுவிடக் கூடாது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மிசோபிரோஸ்டால் நான்கையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். நாக்குக்கு அடியிலோ கன்னத்துக்குள்ளோ 30 நிமிடம் அடக்கிவைத்து, மிச்சத்தை விழுங்கலாம். பிறப்புறுப்பு வழியாகவும் வைக்கலாம். தண்ணீர் குடித்து அப்படியே விழுங்கினால் பலன் குறைவு.

சில மணி நேரத்தில் வயிறு இழுத்துப் பிடிக்கும். மாதவிடாயைவிட அதிகமாகவே ரத்தம் போகும், கட்டியும் வரும். குளிர் நடுக்கம், காய்ச்சல், பேதி எல்லாம் மிசோபிரோஸ்டாலால் வருவது; பெரும்பாலும் ஒரே நாளில் தணிந்துவிடும். வலிக்கு இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் நன்றாகக் கேட்கும், பாராசிட்டமால் அவ்வளவாகக் கேட்காது. மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுதாக நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே நனைந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த ஒரு வரியை அட்டையின் மேல் தமிழில் பெரிதாக அச்சிட்டிருக்க வேண்டும். உள்ளே மடித்து வைக்கிற தாளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. உயிர் காக்கும் தகவலை இப்படி ஒளித்து வைப்பதை ஏற்கவே முடியாது.

இரண்டு வாரத்தில் மறுபரிசோதனைக்குப் போவது முக்கியம். சிறுநீர்ப் பரிசோதனை நான்கு வாரம் வரைகூடப் பாசிட்டிவ் காட்டலாம், அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். உண்மையிலேயே கர்ப்பம் தொடர்ந்தால், மிசோபிரோஸ்டால் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது என்பதால் உடனே டாக்டரிடம் பேச வேண்டும்.

தமிழ்நாட்டில் பல மெடிக்கல்களில் இதை வைப்பதே இல்லை. சில கடைகளில் சீட்டே கேட்காமல், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குகிறார்கள். இன்னும் மோசம், ‘நாள் வரவைக்கிற மாத்திரை’ என்று ஹார்மோன் மாத்திரையைக் கொடுப்பது. அது கருவைக் கலைக்காது, கையிலிருக்கும் 63 நாளைத்தான் தின்னும். பெண் சிசுவை அழிக்கப் பயன்படும் என்ற பயத்தில் இந்த அட்டையை மறுப்பதிலும் நியாயமில்லை. ஒன்பது வாரத்துக்குள் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரியாது.

சட்டப்படி, பதிவுபெற்ற, இதற்குத் தகுதியுள்ள டாக்டர்தான் எழுதித்தர வேண்டும். ஒன்பது வாரம் வரை தன் கிளினிக்கிலேயே எழுதித்தரலாம். அவசரத்துக்கு அனுப்ப அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி ஒன்று அவருக்கு இருக்க வேண்டும், அந்தச் சான்றிதழ் கிளினிக்கில் மாட்டியிருக்க வேண்டும். உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள்.

‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா’ என்பதற்கு 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில் இடமே இல்லை. 18 வயது நிறைந்த பெண்ணுக்குப் படிவம் சி என்ற சம்மதப் படிவத்தில் அவருடைய கையெழுத்து ஒன்றே போதும். கணவர், அப்பா, மாமியார் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 18 வயதுக்குக் கீழே இருந்தாலோ, மனநலம் பாதிக்கப்பட்டிருந்தாலோதான் காப்பாளர் சம்மதம் கேட்கலாம். கருத்தடை தவறிய கர்ப்பம் என்ற காரணத்தில் ‘கணவர்’ என்றிருந்த இடத்தை 2021 திருத்தம் ‘துணை’ என்று மாற்றியது. திருமணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டம் அனுமதித்தவர் தவிர வேறு யாரிடம் பெயரை வெளியிட்டாலும் ஓராண்டு வரை சிறை உண்டு.

காப்பர்-டி போட்டுக்கொண்டால்தான், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால்தான் கலைப்போம் என்று நிபந்தனை போடவும் சட்டத்தில் வழியில்லை. கருத்தடை தேவைதான், அடுத்த மாதவிடாய்க்கு முன்பே, இரண்டு வாரத்துக்குள்கூடக் கருமுட்டை வெளிவரலாம். கருத்தடை மாத்திரை என்றால் மிசோபிரோஸ்டால் எடுத்த அன்றே தொடங்கலாம். காப்பர்-டி என்றால் முழுதாகக் கலைந்தது உறுதியான பிறகு. எது, எப்போது, வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும்.