அசல் என்று எழுதிக் கொடுத்து நகலை அனுப்பினார்: ரெசின் போர்க்கப்பல் கிட் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

மாதிரிப் போர்க்கப்பல் கட்டுபவர்களில் ரெசின் கிட் (ரெசின் என்ற பிசினை அச்சில் ஊற்றி வார்த்த பாகங்களின் தொகுப்பு) வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், பணம் செலுத்துவதற்கு முன் இந்தப் பதிவை முழுவதும் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின், உண்மை அளவில் 350-இல் ஒரு பங்கான (1/350) ரெசின் கிட் ஒன்றை, அது அசல் தயாரிப்புதான் என்று எழுத்தில் உறுதி பெற்ற பிறகே, இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். வந்து சேர்ந்ததோ, வேறொருவர் உழைத்து உருவாக்கிய கிட்டைச் சிலிகான் அச்சில் படியெடுத்து வார்த்த திருட்டு நகல். பெட்டியின் மேல் எழுதியிருந்த ஆண்டுக்குரிய கப்பலாகக்கூட அது இருக்கவில்லை.

அந்த ஆண்டு ஏன் முக்கியம் என்பதைச் சொன்னால்தான் ஏமாற்றின் முழு அளவும் புரியும். 1939 ஆகஸ்டில் பணியில் சேர்ந்த பெல்ஃபாஸ்ட், அதே ஆண்டு நவம்பர் 21 அன்று கடற்கண்ணி வெடித்துக் கடுமையாகச் சேதமடைந்தது. பழுதுபார்ப்பும் மறுகட்டுமானமும் முடிந்து 1942 நவம்பரில்தான் அது மீண்டும் கடற்படையில் சேர்ந்தது. அந்த மறுகட்டுமானத்தின்போது உடலின் நடுப்பகுதியில் இருபுறமும் புடைப்பு சேர்க்கப்பட்டதால், 63 அடி 4 அங்குலமாக இருந்த அகலம் 66 அடி 4 அங்குலம் ஆயிற்று. 1943 டிசம்பர் 26 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் ஷார்ன்ஹோர்ஸ்ட் மூழ்கடிக்கப்பட்ட, நார்வேயின் நார்த் கேப் (வட முனை) அருகே நடந்த சண்டையில் பங்கேற்றது இந்த அகலமான பெல்ஃபாஸ்ட்தான். அதைத்தான் நான் கட்ட விரும்பினேன். விற்பனைப் பக்கத்தில் ‘1942 தோற்றம்’ என்று தெளிவாகப் போட்டிருந்தது. இருந்தாலும் புடைப்பு உண்டா, கிட் அசலா, நுண்பாகங்களுக்கான பித்தளைத் தகடுகள் மூலத் தயாரிப்பாளருடையவையா என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டேன். மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தது. கப்பல் உடலின் அருகே அளவுகோல் வைத்து எடுத்த படம் ஒன்றும் கேட்டேன், அதையும் அனுப்பினார். அந்தப் படத்தில் இருந்தது அசல் கிட்தான். எனக்கு வந்த பெட்டியில் இருந்தது அதுவல்ல.

பெட்டி வந்த அன்றே உடலை மேசையில் வைத்து அளந்தேன். பெல்ஃபாஸ்டின் மொத்த நீளம் 613 அடி 6 அங்குலம், அதாவது 187 மீட்டர். அதை 350 ஆல் வகுத்தால் 534 மில்லிமீட்டர் வரவேண்டும். என் கையில் இருந்த உடல் 529 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று சிலர் நினைக்கலாம். இந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. சிலிகான் அச்சும் சற்றுச் சுருங்கும், அதில் ஊற்றும் ரெசினும் இறுகும்போது சற்றுச் சுருங்கும். மூல வடிவத்தைச் செய்பவர் இதை அறிந்து முன்கூட்டியே சிறிது பெரிதாகச் செய்துவிடுவார். விற்பனைக்கு வந்த வார்ப்பையே மூலமாக வைத்து நகலெடுப்பவர் அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டுவதில்லை. ஆகவே ஒவ்வொரு தலைமுறை நகலும் முந்தையதைவிடச் சிறுத்துக்கொண்டே போகிறது. நீளக் குறைவு மட்டுமே திருட்டுக்குச் சான்று ஆகாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அசல் கிட்டுகளிலும் அளவுப் பிழைகள் உண்டு. ஆனால் நீளம், உயரம், பீரங்கிக் கோபுரங்களின் அகலம் எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால், அதை வரைபடப் பிழை என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது.

அடுத்து அகலத்தை அளந்தபோது மனம் உண்மையிலேயே கசந்தது. 1942 தோற்றத்துக்கு ஏறத்தாழ 58 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 55 கூட முழுதாக இல்லை. நீர்க்கோட்டை ஒட்டி விரலால் தடவிப் பார்த்தாலும் புடைப்பின் சுவடே தெரியவில்லை. அந்த உடல் 1939 பெல்ஃபாஸ்டாக இருக்கலாம், அல்லது அதன் இணைக்கப்பலும் 1942 மே 2 அன்று மூழ்கியதுமான எடின்பரோவாக இருக்கலாம். ஒரே நகல் உடலை எடுத்து, கேட்பவர் விரும்பும் கப்பலின் பெயரையும் ஆண்டையும் பெட்டியில் ஒட்டி விற்கிறார் என்பதே என் முடிவு. இதைப் பின்னர் திருத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புடைப்பை எபாக்ஸி மாவால் கட்டி எழுப்பலாம் என்பது உண்மைதான், ஆனால் ஒரு விழுக்காடு சிறுத்துப்போன உடலின் மேல் சரியான அளவில் வாங்கிய பித்தளைக் கைப்பிடிக் கம்பிகளும் படகுகளும் துப்பாக்கிகளும் ஏறும்போது ஒவ்வோர் இடத்திலும் இடறும்.

மேற்பரப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அளவுகோல் இல்லாமலே பார்க்கக்கூடிய அடையாளங்கள் அங்கேதான் இருக்கின்றன. வார்ப்பில் காற்றுக் குமிழி விழுவது இயல்பு. நல்ல தயாரிப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். நகலில் இருப்பது வேறு வகை. யாரோ ஒருவர் நிரப்புப் பசை வைத்து அடைத்துத் தேய்த்த குமிழியின் தடம், அடைப்பும் தேய்ப்புமாகச் சேர்ந்து, ரெசினோடு ரெசினாக வார்க்கப்பட்டிருக்கும். என் உடலின் வலப்பக்கத்தில் அப்படி மூன்று நான்கு இடங்கள் இருந்தன. பாகங்களை வார்ப்புக் கட்டையிலிருந்து அறுத்த ரம்பத்தின் கீறல்கள்கூட, பாகம் இன்னும் கட்டையிலேயே ஒட்டியிருக்கும் நிலையில், அப்படியே பதிவாகியிருந்தன. இனி அறுக்கப்பட வேண்டிய பாகத்தில் ஏற்கெனவே அறுத்த தடம் எப்படி வரும்? உடலின் அடிப்புறம் சில இடங்களில் பிசுபிசுப்பாகவும் இருந்தது. பாலியூரித்தேன் ரெசினின் இரு பாகங்களையும் உரிய விகிதத்தில் நன்கு கலக்காவிட்டால் அது முழுமையாக இறுகாது; அத்தகைய பரப்பின் மேல் எந்த பிரைமரும் (அடிப்பூச்சும்) நிலைக்காது. சோப்பு நீரில் கழுவினால் போய்விடும் என்றார் விற்பனையாளர். அச்சிலிருந்து பிரிக்கத் தடவும் எண்ணெய்ப்பசை கழுவினால் போகும், இறுகாத ரெசின் போகாது. ஒரு மூலையில் பிரைமர் அடித்துப் பார்த்தேன். அதன்மேல் ஒட்டிய மறைப்பு நாடாவை (மாஸ்கிங் டேப்) உரித்தபோது பூச்சு தோலாக அதனுடன் வந்துவிட்டது.

ஆறு அங்குலப் பீரங்கிகள் பன்னிரண்டும் ரெசினிலேயே வந்திருந்தன. 1/350 அளவில் ஒரு பீரங்கியின் குழல் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் நீளம், வாயின் உட்துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அவ்வளவு மெல்லிய ரெசின் குழல் நேராக நிற்கவே நிற்காது. அதனால்தான் அசல் கிட்டில் கடைந்த பித்தளைக் குழல்கள் வைக்கப்பட்டிருந்தன. எனக்கு அனுப்பிய படத்திலும் அவை பளபளத்துக்கொண்டிருந்தன.

எல்லாவற்றிலும் மோசமானது போட்டோ-எட்ச் தகடு, அதாவது நுண்பாகங்களை வேதிப்பொருளால் அரித்து உருவாக்கிய மெல்லிய பித்தளைத் தகடு. அசல் தகட்டில் மடிக்க வேண்டிய இடங்கள் பாதி ஆழத்துக்கு மட்டும் அரிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோட்டில்தான் ரேடார் ஆன்டெனாவும் ஏணியும் கிரேனின் சட்டமும் கூர்மையாக மடியும். தகட்டை ஸ்கேன் செய்து நகலெடுப்பவர்க்கு அந்தப் பாதி ஆழம் கிடைப்பதில்லை, கறுப்பும் வெளுப்புமான நிழலுருவம் மட்டுமே கிடைக்கும். ஆகவே என் தகட்டில் மடிப்புக் கோடு எதுவும் இல்லை, கம்பிகள் தடித்துவிட்டன, சாய்வேணிகளின் படிகளுக்கு இடையிலான இடைவெளிகள் பாதி அடைபட்டுவிட்டன. சாய்வேணி ஒன்றை மடிக்க முயன்றபோது பித்தளை தன் இஷ்டத்துக்கு வளைந்து, இரண்டாவது முயற்சியில் முறிந்தது. மடிப்புக் கருவியோ கையின் திறமையோ இதற்கு உதவாது. இத்தகைய தகடு கிடைத்து, தனக்குத்தான் பயிற்சி போதவில்லை என்று மனம் தளர்ந்து இந்தக் கலையையே கைவிட்ட புதியவர்கள் இருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

கிட்டோடு சேர்த்து ‘பிரிட்டிஷ் கடற்படை நிறங்கள்’ என்ற பெயரில் ஒரு வண்ணத் தொகுப்பும் விற்றார். புட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டை உரித்தால் அடியில் வேறு சீட்டு. 507ஏ என்ற கரும்சாம்பலும் 507சி என்ற வெளிர்சாம்பலும் தெளிவாக வேறுபட வேண்டியவை. இந்தத் தொகுப்பில் அவை உலர்ந்தபின் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வேறு வேறு என்று தெரிந்தது. உருமறைப்பு வடிவம் பூச நினைப்பவருக்கு இது பயன்படாது.

படங்களுடனும் அளவுகளுடனும் புகார் எழுதினேன். முதல் பதில் பணிவாக இருந்தது, கிடங்கில் பெட்டி மாறிவிட்டது என்றார். மாற்றி அனுப்பக் கேட்டபோது, முதலில் என் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும், பிறகு பரிசோதித்துப் பார்ப்போம் என்றார். பின்னர், புகாரைத் திரும்பப் பெற்றால் சிறு தொகை தருகிறேன் என்றார். அதற்கும் உடன்படாததால் பதில்கள் நின்றுபோயின. திருப்பி அனுப்புவதற்கான கால வரம்பு முடியும்வரை பேச்சை நீட்டிப்பதே அவருடைய முறை என்று இப்போது நான் உறுதியாக நம்புகிறேன். நம்மில் பெரும்பாலோர் கிட் வாங்கியவுடன் கட்டுவதில்லை. கையில் உள்ள வேலை முடியட்டும் என்று அலமாரியில் அடுக்கி வைக்கிறோம், ஆண்டுகள் கழித்துத்தான் பெட்டியைத் திறக்கிறோம். இவருடைய வியாபாரம் முழுவதும் அந்த வழக்கத்தின் மேல்தான் நடக்கிறது.

பணப் பரிமாற்ற நிறுவனம் என் முறையீட்டை முதலில் தள்ளுபடி செய்தது. கேட்டது கப்பல் கிட், வந்ததும் கப்பல் கிட் என்பது அவர்கள் பார்வை. புடைப்பும் மடிப்புக் கோடும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதன்பின் மூலத் தயாரிப்பாளருக்கே படங்களை அனுப்பினேன். அவர் உடனே கண்டுகொண்டார்: மேல்தளத்தின் ஒரு காற்றுத்துளைச் சட்டத்தில் தாம் மூலத்தைச் செய்யும்போது நேர்ந்த சிறு கோணல், நகலிலும் அதே இடத்தில் இருந்தது. அவர் எழுதித் தந்த கடிதத்தை வைத்து மறுபடி முறையிட்ட பிறகுதான் கிட்டின் விலை திரும்பக் கிடைத்தது. அஞ்சல் செலவும் வண்ணத் தொகுப்பின் விலையும் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் நான் கொள்வோருக்குப் பாதுகாப்புள்ள வழியில் பணம் செலுத்தியிருந்தேன். ‘நண்பருக்கு அனுப்பும் தொகை’ என்று குறித்து அனுப்பினால் விலையைக் குறைப்பதாக அவர் முதலில் சொன்னதை ஏற்றிருந்தால், முறையிடவே வழி இருந்திருக்காது.

இந்தத் தயாரிப்பாளர்களில் பலர் தனியாகவோ ஒருவர் துணையுடனோ வேலை செய்பவர்கள். கப்பல் கட்டும் தள வரைபடங்களையும் பழைய புகைப்படங்களையும் மாதக்கணக்கில் ஒப்பிட்டு ஒரு மூல வடிவத்தைச் செதுக்குகிறார்கள். நகல் பரவினால் அடுத்த கப்பலைச் செய்ய அவர்களுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. பெரிய பிளாஸ்டிக் நிறுவனங்கள் தொடாத கப்பல்களை அதன்பின் யாரும் செய்யப்போவதில்லை. விலை குறைவு என்பதற்காகத் தெரிந்தே நகல் வாங்குவோரிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

என்னை ஏமாற்றியவர் இப்போது வேறு பெயரில் விற்பதாகத் தெரிகிறது, ஆனால் விற்பனைப் பக்கத்தின் படங்கள் மாறவில்லை. கட்டி முடித்த கப்பலின் படம் இருக்கும், பிரிக்காத பாகங்களின் படம் இருக்காது. கேட்டால் மட்டும் ஒரே ஒரு படம் வரும். ஆகவே படம் கேட்கும்போது உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதிய தாளை உடலின் மேலேயும் பித்தளைத் தகட்டின் மேலேயும் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தகட்டின் பின்புறத்தையும் அருகிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் இன்னும் தொழிலில் இருந்தால், அந்த விற்பனையாளருக்கு அவர் சரக்கு கொடுக்கிறாரா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்; பெரும்பாலும் பதில் சொல்வார்கள். கப்பலின் உண்மையான நீளத்தையும் அகலத்தையும் முன்பே வகுத்து எழுதி வைத்துக்கொண்டு, பெட்டி வந்த நாளிலேயே, எந்தப் பாகத்தையும் அறுப்பதற்கோ கழுவுவதற்கோ முன் அளந்துவிடுங்கள். பெட்டியைத் திறப்பது முதல் அளப்பது வரை இடையில் நிறுத்தாமல் காணொளியாக எடுத்து வையுங்கள். என் இரண்டாவது முறையீட்டில் தயாரிப்பாளரின் கடிதத்துக்கு அடுத்தபடியாக அவர்கள் கேட்டது அந்தக் காணொளியைத்தான்.