சாம்பிளா, மறுபதிவா?

பழைய பாட்டின் ஒரு துண்டைப் புதுப் பாட்டில் சேர்க்க இரண்டு வழிகள். ஒலிப்பதிவையே வெட்டி எடுப்பது சாம்பிள். அதே மெட்டைப் புதிதாக வாசித்துப் பதிவது மறுபதிவு.

மறுபதிவுக்குப் பொதுவாக மெட்டின் உரிமையாளர் அனுமதித்தால் போதும். சாம்பிளுக்கு ஒலிப்பதிவின் உரிமையாளரும் தலையசைக்க வேண்டும், செலவு கூடும். சரி, அப்புறம் ஏன் சாம்பிள்? அந்த அறையின் எதிரொலி, டேப்பின் இரைச்சல், வாசித்தவரின் கைவாகு இதெல்லாம் மறுபடி வாசித்தால் அப்படியே வராது. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் கிரெகரி கோல்மன் வாசித்த சில நொடி டிரம்ஸ் ஆயிரக்கணக்கான பாடல்களில் ஒலிக்கிறது. ஜங்கிள் என்ற வேகமான மின்னணு நடன இசைக்கு அதுவே முதுகெலும்பு. (அவருக்கு ராயல்டி கிடைக்கவில்லை என்பது வேறு கதை.)

மெட்டு மட்டும் வேண்டுமென்றால் மறுபதிவே லாபம். டிரம்ஸ் என்றால் என் ஓட்டு சாம்பிளுக்குத்தான்.