மட்டக்களப்பு வாவிப் படகு: மழை விட்ட கையோடு நீண்ட சுற்றைக் கேளுங்கள்

கல்லடிப் பாலத்தடியில் வெளிக்கிடும் படகுப் பயணங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பாடும் மீனில் தொடங்கி வெளிச்சவீட்டில் முடிக்கிறார்கள். அந்தச் சின்னச் சுற்று நல்லதுதான், பிள்ளைகளோடு பின்னேரம் போய் வரலாம். ஆனால் அதே படகுக்காரர்கள் கேட்டால் மட்டும் ஓடுகிற இன்னொரு சுற்று இருக்கிறது. தெற்கே மண்முனைப் பாலம் தாண்டி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களின் தண்ணீர் வந்து இறங்கும் ஓடை வாய்கள் வரைக்கும் போய், திரும்பி வடக்கே வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்தில் முடிகிற சுற்று. இந்த ஊர் ஏன் மீனும் இறாலும் தின்று வாழ்கிறது என்பதை ஒரே நாளில் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எப்போது போவது என்பதுதான் முக்கியம். மாரி மழை நன்றாக அடித்து ஓய்ந்து, வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் போங்கள். கோடையில் போனால் வாவி முழுக்க ஒரே நிறமாகத் தெரியும். மழைக்குப் பிறகு ஓடை வாயில் செம்மண் நிறத் தண்ணீர் நாக்கு நீட்டிக்கொண்டு வருவதும், அது பச்சைத் தண்ணீரைத் தொடுகிற இடத்தில் கோடு போட்டதுபோல நிற்பதும் அப்படியே தெரியும். எங்களைக் கூட்டிப்போன அண்ணன் அந்தக் கோட்டின் மேலேயே எஞ்சினை நிறுத்தினார். தடியை ஓடை வாயில் ஊன்றிக் காட்டினார், டக்கென்று மணலில் முட்டியது. கொஞ்சம் தள்ளிப் போய் ஊன்றினார், மெத்தென்று இறங்கியது. இன்னும் தள்ளிப் போனபோது தடி போய்க்கொண்டே இருந்தது, இழுத்தால் கறுத்தச் சேறு. "தம்பி, பாரமானது முதல்ல விழும், லேசானது கடைசியா விழும், அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னது சரி, அதோடு உப்பின் வேலையும் இருக்கிறது. களித் துணிக்கைகள் மறை மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும், அதனால் நன்னீரில் கலங்கலாகவே மிதந்து வரும். உப்புத்தண்ணீர் கலந்ததும் அந்தத் தள்ளுதல் அடங்கிவிடும், துணிக்கைகள் ஒட்டித் திரண்டு பாரமாகி அடியில் படியும். அதனால்தான் ஆறு கடலைச் சந்திக்கிற கழிமுகங்களில் பல இடங்களில் சேறு. கண்டல் வேர்கள் தண்ணீரின் வேகத்தைக் குறைத்து அந்தச் சேற்றை இன்னும் பிடித்து வைக்கின்றன.

ஓடையில் வருவது மண் மட்டுமில்லை. உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் கீழே உள்ள வயல்களுக்கு எறிந்த யூரியாவில் பயிர் எடுக்காத பங்கு நைத்திரேற்றாகக் கரைந்து வரும். பொசுபரசு பெரும்பாலும் மண் துணிக்கையில் ஒட்டிக்கொண்டு வரும், அதாவது எந்த வயலின் மேல்மண் கரைகிறதோ அந்த வயலின் பசளையும் சேர்ந்தே போகிறது. பாறை கரைந்து வரும் சிலிக்காவும் இருக்கிறது, தயற்றம் என்கிற கண்ணுக்குத் தெரியாத பாசிகளுக்கு ஓடு கட்ட அது வேண்டும். இந்தப் போசணைகள் அளவாக வந்தால் பாசி, பாசியைத் தின்னும் சின்ன உயிர்கள், அவற்றைத் தின்னும் மீன் என்று வாவி செழிக்கும். அளவு மீறினால் தண்ணீர் பச்சைக் கூழாகும். இரவில் பாசி சுவாசிக்கும், செத்த பாசி அடியில் அழுகும், இரண்டும் ஒட்சிசனைக் குடித்துவிடும், விடியும் நேரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். அந்த அண்ணன் அப்படியான காலைகளைப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரலே மாறிவிட்டது.

அம்பாறைப் பக்கத்து வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தைக் கட்டிய பிறகு அத்தனை ஆயிரம் ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் கிடைத்தது, அது பெரிய காரியம். ஆனால் பெரிய அணை எதுவும் மணலைத் தன் குளத்துக்குள் நிறுத்திவிடும். மிச்ச ஆறுகளிலும் நாங்கள் மணலை லொறி லொறியாக அள்ளுகிறோம். கடற்கரைக்குப் போக வேண்டிய மணல் போகவில்லையென்றால் அலை இருக்கிற கரையைத்தான் தின்னும். கரையோரம் வீடு வைத்திருக்கிறவர்கள் ஆற்றில் நடக்கும் மணல் வேலையையும் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியில் முகத்துவாரம். கோடையில் ஆற்றுத் தண்ணீர் குறைய, அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். மாரியில் வாவி நிரம்பி வயல் மூழ்கத் தொடங்கும்போது மண் திட்டை வெட்டிவிடுவார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட எவருக்கும் அந்த வாய் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. வயல்காரருக்குத் தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும், தோணிக்காரருக்கு வெட்டுகிற நேரமும் கவலை. ஏனென்றால் இறால் கடலில் முட்டையிட்டு, குஞ்சு அந்த வாயால்தான் உள்ளே வந்து வளர்கிறது, வாவியில் உப்பு எவ்வளவு, சேறு எவ்வளவு என்பதெல்லாம் அந்த வெட்டோடு மாறிவிடும். நாங்கள் போன அன்று வாய் திறந்திருந்தது, மண் நிறத் தண்ணீர் கடலுக்குள் வெகுதூரம் போய்க்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் மீன் கூடும் என்று அண்ணன் சொன்னார்.

சரி, குறைகள். பதிவு செய்கிற இடத்தில் இருந்தவர் இந்தச் சுற்றைக் கேட்டதும் "அங்க பாக்க ஒண்டும் இல்ல" என்று சொல்லி வெளிச்சவீட்டுப் பக்கமே தள்ளினார். நாங்கள் விடாமல் கேட்டதால்தான் கிடைத்தது. உயிர்காப்பு அங்கிகள் பெரியவர்களுக்குப் போதும், சின்னப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் அளவு இல்லை. இது உடனே திருத்த வேண்டிய விடயம், பிள்ளைகள் வந்தால் அளவைப் பார்த்துவிட்டே ஏறுங்கள். படகின் கூரை பாதிதான் மறைக்கிறது. எஞ்சின் சத்தத்தில் ஓடும்போது எதுவும் கேட்காது, ஆகவே பேச வேண்டியதை நிறுத்துகிற இடங்களில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விலை ஆளுக்கு அல்ல, படகுக்கு. நாலைந்து பேர் சேர்ந்தால் தாங்கக்கூடியது, ஏறும் முன் சொன்ன காசையே இறங்கும்போதும் வாங்கினார்கள். பொத்துவில் களப்பின் கண்டல் சுற்றில் முதலையும் சில நேரம் யானையும் பார்க்கலாம், படம் எடுக்க அது நல்லது. விளங்கிக்கொள்ள இதுதான். நான் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், பிடித்து வைத்த ஒன்று அங்கிக்காக. உயர்தர உயிரியல், புவியியல் படிப்பிக்கிற ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால், மாணவர்களுக்கு அங்கிகளை முதலே ஒழுங்கு செய்துவிட்டு, பதிவு செய்யும்போது "ஓடை வாயும் முகத்துவாரமும்" என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள், தடி வைத்திருக்கிற வயதான ஆளையே அனுப்பச் சொல்லுங்கள்.