லித்தியம் மாத்திரை: தடுப்புக்கு ஐந்துக்கு ஐந்து, வசதிக்கு இரண்டு

மேனியாவும் (கட்டுக்கடங்காத உற்சாகம்) மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் அடுத்த அலை வராமல் தடுப்பதில் லித்தியம் கார்பனேட்டைத் தாண்டி வேறெதையும் முதலில் வைக்க முடியாது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் மேனியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து இது. அதே ஆண்டு அமெரிக்காவில் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைச் சாப்பிட்ட இதய நோயாளிகள் சிலர் இறந்தார்கள். அதனால் அங்கே அரசு அங்கீகாரம் கிடைக்க 1970 வரை ஆனது. நல்ல மருந்து, அளவு தப்பினால் நஞ்சு என்ற இரண்டு பெயரும் ஒரே ஆண்டில் ஒட்டிக்கொண்டன. இரண்டுமே உண்மை.

லித்தியம் ஒரு சாதாரண அயனி, சோடியத்தின் சின்னத் தம்பி. சோடியம் போகிற வழியிலேயே செல்லுக்குள் நுழைந்து, முக்கியமாக இரண்டு நொதிகளை மட்டுப்படுத்துகிறது. ஒன்று இனோசிட்டால் மோனோபாஸ்படேஸ். நரம்புச் செல் சமிக்ஞை அனுப்பச் செலவழித்த இனோசிட்டாலை மறுபடி தயார்செய்வது இதன் வேலை. லித்தியம் இதைத் தடுக்கும் விதம் சுவாரசியமானது: நொதி எவ்வளவு மும்முரமாக ஓடுகிறதோ அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும், சும்மா இருக்கும் இடத்தை அதிகம் தொந்தரவு செய்யாது. மற்றொன்று ஜிஎஸ்கே-3. இதன் வேகம் குறைந்தால் நரம்புச் செல்கள் பிழைத்திருக்க உதவும் புரதங்கள் கூடுகின்றன. லித்தியம் எடுப்பவர்களின் எம்ஆர்ஐ படங்களில் மூளையின் சாம்பல் பகுதி சற்று அதிகமாகத் தெரிவதற்கு இதைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. உண்மையான பலன் எந்த நொதி வழியாக வருகிறது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

சாதாரண மாத்திரை 300 மில்லிகிராம். மெதுவாகக் கரையும் வகை 400 அல்லது 450. மெதுவாகக் கரைவதில் குமட்டல் குறையும், வயிற்றுப்போக்கு கூடலாம். மருந்து குடலின் கீழ்ப்பகுதி வரை போய்ச் சேர்வதுதான் காரணம். அதை உடைத்தோ மென்றோ சாப்பிட்டால் மொத்த மருந்தும் ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கும். திரவமாக வருவது லித்தியம் சிட்ரேட். அதன் மில்லிகிராம் கணக்கு கார்பனேட் கணக்கோடு ஒத்துப்போகாது.

மில்லிகிராமை வைத்து இந்த மருந்தை எடைபோடவே கூடாது, ரத்த அளவுதான் கணக்கு. தடுப்புக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல், மேனியா மூண்டிருக்கும்போது 0.8 முதல் 1.0. கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு. காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். டாக்டர் அதை நம்பி டோஸைக் குறைத்தால் நோய் திரும்பும். இதைவிட வேடிக்கையான தவறு ஒன்று உண்டு. சில பச்சை மூடி டியூப்களில் உறையாமல் இருக்கச் சேர்ப்பது லித்தியம் ஹெப்பாரின்! அதில் ரத்தத்தைப் பிடித்தால் டியூபில் உள்ள லித்தியமும் கணக்கில் சேரும். சீரம் டியூபில்தான் எடுக்க வேண்டும்.

டோஸ் மாற்றினால் ஐந்து முதல் ஏழு நாள் கழித்து அளவு பார்க்க வேண்டும், அதற்கு முன் பார்ப்பது வீண். நிலைப்பட்ட பிறகு முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), டிஎஸ்எச் (தைராய்டுக்கு), கால்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பது வழக்கம். கால்சியத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

சிக்கல் பெரும்பாலும் சிறுநீரகத்தில் தொடங்குகிறது. லித்தியம் கல்லீரலில் சிதைவதில்லை, வெளியே போக சிறுநீரை விட்டால் வழியில்லை. உடலில் உப்போ தண்ணீரோ குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை இறுக்கிப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும். அதனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வியர்வை, திடீரென உப்பைக் குறைத்த உணவு எல்லாமே அளவை ஏற்றும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், எனலாப்ரில், லோசார்டான், தையசைடு வகை ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படியே. சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும். காபி லித்தியத்தை வெளியே தள்ளும் என்பதால், நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால்கூட அளவு கொஞ்சம் உயரும்.

விரல் நடுக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர், எடை கூடுதல் ஆகியவை வழக்கமான தொல்லைகள். நடுக்கத்துக்குக் குறைந்த அளவு புரோப்ரனலால் உதவும், ஆஸ்துமா இருந்தால் அது ஆகாது. மொத்த டோஸையும் இரவில் ஒரே வேளையாகப் போடுவது சிறுநீர்த் தொல்லையைக் குறைக்கலாம். தாகத்துக்குச் சர்க்கரை போட்ட குளிர்பானம் குடித்தால் எடை ஏறுவதற்கு மாத்திரையைக் குறை சொல்ல முடியாது. தைராய்டு குறைந்தால் தைராக்சின் சேர்த்துக்கொண்டு லித்தியத்தைத் தொடரலாம். சிறுநீரகச் செயல்பாடு படிப்படியாக இறங்கினால் அங்கே மட்டும் பேரம் கிடையாது, தொடர்வதா என்று மறுபடி யோசிக்க வேண்டும்.

நடுக்கம் கை முழுக்கப் பரவி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் அது நஞ்சேறியதன் அடையாளம். அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த அளவு 1.5-க்கு மேல் போனால் ஆபத்து, 2-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நெடுநாள் எடுப்பவருக்கு மூளையில் லித்தியம் ஊறியிருக்கும், ரத்த அளவு பார்வைக்குச் சுமாராக இருந்தாலும் ஆபத்து பெரிதாக இருக்கலாம். மற்ற விஷங்களுக்குக் கொடுக்கும் கரித்தூள் லித்தியத்தைப் பிடிக்காது. கடுமையானால் டயாலிசிஸ்தான்.

குறையாகச் சொல்ல வேண்டியது வேகம். மேனியா அடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை வேறு மருந்து கைகொடுக்க வேண்டும். பதற்றக் கோளாறுக்கும் பீதித் தாக்குதலுக்கும் இது மருந்தே இல்லை, அங்கே எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் வகை மனச்சோர்வு மாத்திரைகள்தான் முதலில். ஆனால் மனச்சோர்வு மாத்திரை பாதி வேலைதான் செய்கிறது என்றால், அதோடு லித்தியம் சேர்ப்பது நன்கு சோதிக்கப்பட்ட வழி. தற்கொலையைக் குறைக்கிறது என்ற பெயர் பல ஆண்டுத் தரவுகளில் உண்டு. 2021-இல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுவது நல்லது. முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்துக்கு உள்ள ஆபத்து டோஸ் கூடக் கூட ஏறும்.

நிறுத்துவதானால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக் குறைக்க வேண்டும். சட்டென நிறுத்தினால் மேனியா பாய்ந்து வரும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக் கூடாது. வெளியூர் போகும்போது ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே எடுத்துப் போகலாம். இடையில் வேறு கம்பெனியின் மெதுவாகக் கரையும் மாத்திரை கைக்கு வந்தால், அது கரையும் வேகம் வேறாக இருக்கலாம். மாறி ஒரு வாரத்தில் ரத்த அளவு பார்த்துவிட வேண்டும்.