புது வீட்டில் தீப் பாதுகாப்பு: ஐந்து வருடம் புழங்கிய பிறகு எழுதுவது

திருச்சியில், ஸ்ரீரங்கம் பக்கம், கீழும் மாடியுமாக வீடு கட்டிக் குடிவந்து ஐந்து வருடம் ஆகப் போகிறது. டைல்ஸ், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் என்று கடை கடையாக ஏறி இறங்கும்போது, தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று எந்தக் கடைக்காரரும் மேஸ்திரியும் கேட்பதில்லை. எங்கள் பகுதியில் அந்தக் கேள்வி தானாகவே மனதில் வரும். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றி எரிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் போனார்கள். அதனால் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே பட்டியல் போட்டு வாங்கத் தொடங்கினேன். வாங்கியவற்றில் எது உழைத்தது, எதை இடம் மாற்ற வேண்டியிருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறோம். பகல் முழுவதும் வீட்டில் இருப்பது எழுபதைத் தாண்டிய அம்மா. நாலு மணிக்குப் பிறகு பள்ளி விட்டு வரும் மகள். ஆகவே ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வியால்தான் எடை போட்டேன்: அம்மா தனியாக இருக்கும்போது இது அவருக்கு உதவுமா?

தீயணைப்பான் இரண்டு இருக்கின்றன. இரண்டும் ஏபிசி பவுடர் வகை (மரம், துணி போன்ற திடப்பொருள், எரியும் திரவம், கேஸ் ஆகிய மூன்று வகைத் தீக்கும் ஏற்ற தூள்), ஐஎஸ்ஐ முத்திரை உள்ளவை. கடைக்காரர் 4 கிலோதான் நல்லது என்றார். பவுடர்தான் 4 கிலோ; இரும்பு உருளையோடு சேர்த்தால் அதைவிட நன்றாகவே கனக்கும். அம்மாவால் ஒரு கையில் தூக்கி நிறுத்த முடியாது. அதனால் பெரியது மாடிப்படி முகப்பிலும், 2 கிலோ ஒன்று சமையலறை வாசலுக்கு வெளியிலும் மாட்டினோம். வாசலுக்கு வெளியே என்பது முக்கியம். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால், தீயைத் தாண்டிக் கைநீட்டித்தான் அதை எடுக்க முடியும்.

மறுநிரப்பலுக்குக் கொடுப்பதற்கு முன்னால் சின்னதைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய் அம்மாவையே அடிக்கச் சொன்னேன். எனக்கு அதுவரை தெரியாத ஒன்று அங்கேதான் தெரிந்தது. பதற்றத்தில் எல்லோரும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே, அதை அழுத்தாமல் தடுக்கும் சேஃப்டி பின்னை இழுக்கிறோம். இறுக்கிப் பிடித்தால் பின் வராது. "இது துருப்பிடிச்சுப் போச்சுப்பா" என்றார் அம்மா. உருளையைத் தரையில் வைத்துவிட்டு, கைப்பிடியைத் தொடாமல் பின்னை மட்டும் லேசாகத் திருகி இழுத்ததும் பிளாஸ்டிக் சீல் அறுந்து கையோடு வந்துவிட்டது. அழுத்தியதும் வெண்புகை மாதிரி பவுடர் பாய்ந்தது. பத்து விநாடி போல ஆனதும் தீர்ந்தது. அவ்வளவுதான் நேரம். ஆகையால் தீயின் அடிப்பாகத்தைப் பார்த்து, பக்கவாட்டில் வீசி அடிக்க வேண்டும். குப்பைக்கூடை, திரைச்சீலை, ஸ்விட்ச் போர்டு அளவில் தொடங்கும் தீக்குத்தான் இது. அறை பற்றிக்கொண்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியே ஓடி 101-ஐக் கூப்பிட வேண்டும். அடித்த பிறகு அந்தப் பவுடரை உடனே துடைத்துவிட வேண்டும். ஈரம் பட்டால் மின்சாதனங்களை அரித்துவிடும்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. உருளையின் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பேன். தலைகீழாகக் கவிழ்த்து, பவுடர் கட்டிதட்டாமல் இருக்க அடியில் நாலு தட்டு தட்டுவேன். ஒரு தடவை மாடிப்படியில் இருந்ததை எடுத்துப் பார்த்தபோது, ஹோஸ் வாயில் குளவி மண்கூடு கட்டி முழுவதும் அடைத்திருந்தது. முள் அப்போதும் பச்சையில்தான் நின்றது. முள்ளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து ஹோஸின் நுனியையும் பாருங்கள்.

வடைச்சட்டி எண்ணெய் பற்றினால் இந்த உருளையைத் தொடவே வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறோம். பாய்ந்து வரும் பவுடரின் வேகத்தில் எரியும் எண்ணெய் தெறிக்கும். தண்ணீர் அதைவிட மோசம். அந்தச் சூட்டில் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி எண்ணெயைத் தூக்கி எறியும். அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியைவிட அகலமான மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூட வேண்டும், ஆறும்வரை திறக்கக் கூடாது. பலகாரம் செய்யும் நாளில் அம்மா ஒரு பித்தளைத் தாம்பாளத்தை மேடையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் அடுப்பையே பற்ற வைப்பார். தீப்போர்வை ஒன்றும் வாங்கினேன், கண்ணாடி இழைத் துணி. எண்ணெய்ச் சட்டிக்குத் தாம்பாளம் போதும். உடையில் தீப்பிடித்தால் சுற்றிப் போர்த்த அந்தப் போர்வை வேண்டும். தீ அணைந்ததும் புண்ணில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓட விட வேண்டும். இங்க், பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம்.

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன், அதிக நேரம் செலவழித்ததும் அதற்குத்தான். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவித் தேங்கும். அதனால் கசிவு டிடெக்டரைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சிலிண்டர் பக்கம் மாட்டினோம். வந்த எலக்ட்ரீஷியன் புகை அலாரம் என்று நினைத்து மேலே பாயின்ட் எடுத்து வைத்திருந்தார், அதை மாற்றச் சொன்னோம். இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருப்பதால் கரண்ட் போனாலும் வேலை செய்கிறது. பாடி ஸ்பிரே, கரப்பான் மருந்து, சானிடைசர் பக்கத்தில் வந்தாலும் கத்தும். தொந்தரவுதான், ஆனாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஏனென்றால் நிஜமாகவே ஒரு நாள் அது கத்தியது.

சிலிண்டர் மாற்றிய மறுநிமிடம். ரெகுலேட்டரைப் போட்டாயிற்று, அடுப்பு பற்ற வைக்கவில்லை. அம்மா மூக்குக்கு வாசனை எட்டுவதற்குள் அலாரம் அடித்துவிட்டது. சொல்லி வைத்திருந்தபடி எந்த ஸ்விட்சையும் தொடவில்லை, ஃபேனைக்கூடப் போடவில்லை. ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றி, பிளாஸ்டிக் மூடியை அழுத்தி, கொல்லைக் கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு வெளியே வந்து கூப்பிட்டார். சிலிண்டர் போட்ட தம்பி இன்னும் தெருவைத் தாண்டவில்லை. திரும்பி வந்து பார்த்தால், வால்வின் உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷரில் ஓரமாக ஒரு கீறல். குண்டூசியால் அதை நெம்பி எடுத்துப் புதிதைப் போட்டு, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வரவில்லை என்று காட்டிவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து அவர் முன்னாலேயே சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்த பிறகே சிலிண்டரை உள்ளே எடுக்கிறோம். வேறு நேரத்தில் கசிந்தால் கூப்பிட 1906 என்ற எண்ணை ஃபிரிட்ஜ் மேல் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது.

சிலிண்டரின் கழுத்து வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்பக்கம் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். C-27 என்றால் 2027 ஜூலை முதல் செப்டம்பருக்குள் அதை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். A முதல் D வரை காலாண்டுகள். நாள் கடந்த சிலிண்டரைத் திருப்பி அனுப்ப நமக்கு உரிமை உண்டு. ஹோஸ், உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா வகை. எலி கடிக்காது, ஆயுள் ஐந்து வருடம். ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், சுவருக்குள்ளோ அலமாரிக்குப் பின்னாலோ மறையக் கூடாது. மாடுலர் கிச்சன்காரர்கள் சிலிண்டருக்குக் கதவு போட்டு மூடித் தருகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கீழே காற்று போக ஜாலி (ஓட்டைகள் உள்ள தடுப்பு) வைக்காமல் அதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மின்சாரத்தில் எம்சிபி (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானாக அணையும் ஸ்விட்ச்) எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆர்சிசிபி (கரண்ட் எங்காவது கசிந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்ப், நான் கேட்டு வாங்கிப் போட்டது. முதல் மழைக்காலத்தில் ராத்திரிதோறும் ட்ரிப் ஆனது. பார்க்க வந்தவர், "சார், இதை எடுத்துட்டு டைரக்ட் பண்ணிடலாம், தொந்தரவு இருக்காது" என்றார். வேண்டாம், எங்கே கசிகிறது என்று பாருங்கள் என்றேன். ஒவ்வொரு எம்சிபியாக இறக்கிப் பார்த்ததில் கேட் தூண் விளக்கின் ஹோல்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. ஹோல்டரை மாற்றினோம், சரியாகிவிட்டது. வீட்டிலேயே மிக நன்றாக உழைக்கும் பொருள் எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் எம்சிபியும் ஆர்சிசிபியும் கண்டுபிடிக்காத ஒன்று உண்டு: லூஸ் கான்டாக்ட். சாக்கெட்டின் பிடி தளர்ந்தால் அந்த இடம் மட்டும் கொதிக்கும். கரண்டும் அளவோடுதான் ஓடும், கசிவும் இருக்காது, எனவே எதுவும் ட்ரிப் ஆகாது. எங்கள் கீசர் பிளக்கைப் பிடுங்கியபோது மூன்று பின்களில் ஒன்று மட்டும் நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. சாக்கெட்டின் அந்தத் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக இளகியிருந்தது. மீன் வாடை மாதிரி ஒரு நெடி. பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றினோம். கீசர், ஏசி, இண்டக்‌ஷன், அயர்ன் பாக்ஸ் நாலையும் ஓடிய பிறகு நிறுத்தி, பிளக்கைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வந்துவிட்டது. வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றே ஆள் வர வேண்டும்.

புகை அலாரம்தான் எங்களோடு ஒத்துப்போக அதிக நாள் எடுத்துக்கொண்டது. முதலில் ஹாலில், சமையலறை வாசலுக்கு நேர் மேலே மாட்டினோம். மிளகாய் தாளித்தால் அலறும், வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு அலறும். அம்மாவைச் சாம்பிராணி போட வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பல வீடுகளில் பேட்டரியைக் கழற்றிவைப்பது இந்த இடத்தில்தான். நாங்கள் மாடிப்படியின் மேல் கூரைக்கு மாற்றினோம். கீழே எங்கு தீப்பிடித்தாலும் புகை படிக்கட்டு வழியாகத்தான் ஏறும். சீலிங் ஃபேனின் இறக்கைக்கு மூன்றடியாவது தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் காற்று புகையைத் தள்ளிவிடும். அதன்பின் சாம்பிராணிக்குக் கத்துவது அபூர்வம். மாதம் ஒரு முறை மகள் துடைப்பக் கட்டையின் நுனியால் பட்டனை அழுத்திப் பார்ப்பாள். குறை ஒன்று: படுக்கையறைக் கதவைச் சாத்தி ஏசி போட்டுவிட்டால் சத்தம் மந்தமாகத்தான் கேட்கிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது கிரில்தான். திருட்டுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் கம்பி, முன்னால் கொலாப்சிபிள் கேட், அதற்குப் பூட்டு. ராத்திரி அந்தச் சாவி என் தலையணைக்கடியில் இருந்தால் கீழே படுக்கும் அம்மா எப்படி வெளியே போவார்? இப்போது சாவி கேட்டுக்கு உட்புறம், வெளியிலிருந்து கை எட்டாத தூரத்தில், ஆணியில் தொங்குகிறது. இருட்டிலும் கை தானாகப் போகும் இடம். மாடிப் படுக்கையறை ஜன்னல் ஒன்றில் மட்டும் கிரில்லை வெட்டி, கீல் வைத்து, உள்ளிருந்து திறக்கும்படி வெல்டரிடம் செய்தோம். அந்த ஜன்னலுக்குக் கீழே போர்டிகோ கூரை இருக்கிறது. அந்தச் செலவு ஒரு நல்ல மிக்ஸியின் விலைகூட இல்லை.

அதே காரணத்தால் எலக்ட்ரிக் ஸ்கூட்டரை வாசலிலோ படிக்கட்டுக்கு அடியிலோ சார்ஜ் போடுவதில்லை. லித்தியம் பேட்டரி பற்றினால் ஏபிசி பவுடர் மேல்தீயை அடக்கினாலும், உள்ளே செல்கள் ஒன்றையொன்று சூடேற்றி மறுபடி பற்றும். வண்டி நிற்கும் இடமே வெளியே போகும் ஒரே வழியாக இருந்தால் போச்சு. பக்கவாட்டுச் சந்தில் ஒரு 16 ஆம்ப் பாயின்ட் எடுத்து, தூங்கப் போகும் முன் சார்ஜை எடுத்துவிடுகிறோம். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். அது இருக்கும் மூலையில் பழைய பேப்பர், விளக்கெண்ணெய் எதையும் சேர்ப்பதில்லை.

எல்லாவற்றையும் சோதிக்க வருடத்தில் இரண்டு நாள் வைத்திருக்கிறோம். சித்திரை முதல் நாள் ஒன்று. ஏப்ரல் 14-ல்தான் தீயணைப்புத் தொண்டு வாரமும் தொடங்குகிறது. 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக. அந்த வாரத்தில் பல ஊர்களில் தீயணைப்புத் துறையினர் செயல்விளக்கம் நடத்துவார்கள். எரியும் சிலிண்டரை ஈரச் சாக்கால் அணைப்பதை நேரில் பார்த்த பிறகு என் மகளுக்குப் பயம் குறைந்தது. இன்னொன்று ஆயுத பூஜை. எப்படியும் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், தீயணைப்பானுக்கும் ஆர்சிசிபி பெட்டிக்கும் சேர்த்தே. தீபாவளி அடுத்து வருவதால் நாளும் பொருத்தமாக அமைகிறது.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக் கடனோடு வங்கி எடுத்துத் தரும் பாலிசி பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே இருக்கும், படித்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிரஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரிப் பாலிசியைத் தருகின்றன. வீட்டுச் சாமான்களுக்கும் அதில் காப்பு உண்டு.

இந்த வருடம் ஹோஸுக்கு ஆயுள் முடிகிறது. கேஸ் டிடெக்டரின் சென்சாருக்கும் உற்பத்தியாளர் குறித்த காலம் முடிகிறது. பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறதே என்று வைத்துக்கொள்ளப் போவதில்லை, ஏனென்றால் பட்டன் சோதிப்பது ஒலியைத்தான், சென்சாரை அல்ல. இரண்டையும் புதிதாக வாங்குகிறேன். கூடவே, ஒன்று அடித்தால் எல்லாம் சேர்ந்து அடிக்கும் வயர்லெஸ் புகை அலாரம் மூன்று; ஒன்று படிக்கட்டுக்கு, ஒன்று எங்கள் அறைக்கு, ஒன்று அம்மா அறைக்கு.