304-ஆ, 316-ஆ, டூப்ளெக்ஸா? பம்பு பாகம் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

போன மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தபோது, கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றிலிருந்து ஒரு பம்பை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். பழம் கழுவும் தொட்டித் தண்ணீரைச் சுற்றிவிடுகிற பம்பு. கேசிங்கைக் கழற்றினால் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் பளபளவென்றுதான் இருந்தது. சுழலும் தண்டின் மேல் உறையாகப் போடும் ஷாஃப்ட் ஸ்லீவைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவினேன். தண்ணீர் கசியாமல் அடைக்கும் கிளாண்ட் பேக்கிங் உட்காரும் இடத்தில் நகம் தட்டியது. ஊசி முனை அளவுக்கு ஒரு கரும்புள்ளி. குண்டூசியை விட்டுப் பார்த்தேன், 3 மில்லிமீட்டர் இறங்கியது. லேத்தில் ஏற்றி அந்த இடத்தைக் கடைந்தபோது உள்ளே நெல்மணி அளவுக்குக் குடைந்திருந்தது.

"எஸ்.எஸ். தானே சார் போட்டோம், எப்படி ஓட்டை விழுந்துச்சு?" என்று கூட வந்த ஃபிட்டர் தம்பி கேட்டார். எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், என்றால் ஒரே உலோகம் என்று நினைத்து வாங்குவதில்தான் பாதி நஷ்டம் வருகிறது. 304, 316, டூப்ளெக்ஸ் எல்லாம் அதன் வெவ்வேறு ரகங்கள்.

இரும்போடு 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்தால், மேலே சில நானோமீட்டர் கனத்தில் ஒரு குரோமியம் ஆக்சைடு படலம் தானாக உருவாகும். கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். இந்தப் படலத்துக்கு முதல் எதிரி, உப்புத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு. ஓர் இடத்தில் அது படலத்தைத் துளைத்துவிட்டால் குழிக்குள் ஆக்சிஜன் போகாது, உள்ளே அமிலம் ஏறும், குழி தன்னைத்தானே ஆழப்படுத்திக்கொண்டே போகும். பேக்கிங்குக்கு அடியிலும் கேஸ்கெட்டுக்கு அடியிலும் இது சீக்கிரம் நடக்கும். அந்த ஸ்லீவ் போனதும் அப்படித்தான். அது 304.

304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8. 316-இல் குரோமியம் ஒரு படி குறைவு, நிக்கல் 10-க்கு மேல், அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். குழி விழாமல் தடுப்பது அந்த மாலிப்டினம்தான். இதைக் கணக்குப் பார்க்க ஒரு வழி உண்டு: குரோமியம் சதவீதத்தோடு மாலிப்டினத்தை 3.3 மடங்காகவும் நைட்ரஜனை 16 மடங்காகவும் கூட்டினால் வருவது குழி எதிர்ப்பு எண். 304-க்கு 18, 19 வரும். 316-க்கு 24 சுமார். டூப்ளெக்ஸ் ரகமான 2205-க்கு 35.

தண்ணீர்க் கணக்கில் சொன்னால், சாதாரண வெப்பத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு வரை 304 தாங்கும், 1000 வரை 316 தாங்கும் என்பது தொழிலில் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. சூடு ஏறினாலோ தண்ணீர் அசையாமல் நின்றாலோ இந்த வரம்பு சட்டென்று இறங்கிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரத்திலேயே குளோரைடு 250 வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாவிட்டால் 1000 வரை போகலாம். அதாவது மனிதர் குடிக்கலாம் என்று சொல்லும் தண்ணீரே 304-ஐத் துளைக்கலாம். அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் போர் தண்ணீர் ரிப்போர்ட்டைக் கேட்கிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றாலே புளோரைடு நினைவுக்கு வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். பல்லுக்கும் எலும்புக்கும் அது பெரிய கேடு. ஆனால் நம் போர்களில் இருக்கிற சில மில்லிகிராம் அளவுக்கு எஸ்.எஸ். பம்பு ஒன்றும் ஆகாது. ரிப்போர்ட்டில் பம்புக்காகப் பார்க்க வேண்டியது குளோரைடு வரி. சாஃப்ட்னர் வைத்திருக்கிறோம், கவலை இல்லை என்பார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும்தான் எடுக்கும், குளோரைடை அப்படியே விட்டுவிடும்.

அதற்காக எல்லா இடத்திலும் 316 போடச் சொல்ல மாட்டேன். விலை பெரும்பாலும் ஒன்றரை மடங்கு. காஸ்டிக் சோடா கழுவல் ஓடும் பம்புக்கு 304 தாராளம். அடுத்து ஓட்டுகிற நீர்த்த நைட்ரிக் அமிலத்துக்கும் அப்படியே, அங்கே மாலிப்டினத்தால் ஒரு லாபமும் இல்லை. வரம்புக்கு நன்றாக உள்ளே, குளோரைடு 100-க்குள் இருக்கும் தண்ணீருக்கும் 304 போதும். கூழ் ஓடும் பம்பு விஷயம் வேறு. பெங்களூரா ரக மாங்கூழின் புளிப்பை 304 தாங்கிவிடும்தான். ஆனால் கிருமி நீக்கத்துக்கு ஹைப்போகுளோரைட் விட்டு, சரியாக அலசாமல் இரவு முழுக்க நிறுத்திவைப்பதும் அதே பம்பில்தான். அங்கே 316 எல் வாங்குங்கள். வெல்டிங் இருக்கிற பாகத்தில் அந்த 'எல்' முக்கியம்: கார்பன் 0.03 சதவீதத்துக்குள். கார்பன் கூடினால் வெல்டுக்குப் பக்கத்தில் குரோமியம் கார்பைடாகப் போய்விடும், அந்த ஓரம் மட்டும் அரிக்கும்.

இம்பெல்லரும் கேசிங்கும் காஸ்டிங் என்பதால் பேர் மாறும். 304-க்கு சிஎஃப்8, 316-க்கு சிஎஃப்8எம். இங்கே ஒரு தப்பான பழக்கம், காந்தம் வைத்துப் பார்ப்பது. நல்ல சிஎஃப்8எம் காஸ்டிங்கில் கொஞ்சம் ஃபெரைட் இருக்கும், காந்தம் லேசாகப் பிடிக்கும். அதைப் போலி என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு ஏற்றிய 202 ரக ராடில் காந்தம் ஒட்டவே ஒட்டாது, அதை 304 என்று சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார்கள். மாலிப்டினம் டெஸ்ட் பாட்டில் ஒன்று வாங்கி வையுங்கள். ஒரு சொட்டு விட்டு, பேட்டரியைத் தொட்டால் 316-இல் நிறம் மாறும். ஆனால் 202-க்கும் 304-க்கும் வித்தியாசம் அது காட்டாது, அதற்குத் தனிச் சொட்டு மருந்தோ எக்ஸ்ரே கன் சோதனையோ வேண்டும். ஃபவுண்டரியிடம் சொல்யூஷன் அனீலிங் சார்ட்டையும் கேளுங்கள். 1040 டிகிரிக்கு மேல் சூடாக்கித் தண்ணீரில் குளிர்விக்காத சிஎஃப்8எம், வேதியியல் ரிப்போர்ட் சரியாக இருந்தாலும் அரிப்பில் தோற்கும்.

410 என்ற இன்னொரு எஸ்.எஸ். ரகம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஷாஃப்டுக்குப் பலமாக இருக்கும், கடினமாக்கவும் முடியும். நல்ல தண்ணீருக்குச் சரி, உப்புத் தண்ணீருக்கு வேண்டாம். இம்பெல்லரைச் சுற்றி உட்காரும் தேய்மான வளையமான வேர் ரிங்கில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: 316 இம்பெல்லருக்கு எதிரே 316 ரிங் போட்டால், ஒருமுறை உரசினாலும் இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். இரண்டின் கடினத்தில் குறைந்தது 50 பிரினெல் வித்தியாசம் வைப்பது நல்லது.

டூப்ளெக்ஸ் எங்கே வேண்டும்? ஆர்.ஓ. கழிவு நீரில். போரில் 400 குளோரைடு, ஆலை நான்கில் மூன்று பங்கு நீரை எடுத்துக்கொள்கிறது என்றால், மிச்சத் தண்ணீரில் அது நான்கு மடங்காகி 1600-ஐத் தொடும். 316-இன் வரம்பு அங்கே முடிந்துவிட்டது. 2205-இன் பலமும் 316-ஐப் போல இரண்டு மடங்கு. ஆனால் அதை வார்க்கவும் வெல்டு செய்யவும் கை பழகியவர்கள் வேண்டும், மெதுவாகக் குளிர்ந்தால் சிக்மா என்ற நொறுங்கும் படிவம் விழுந்துவிடும். அவசரத்துக்கு எங்கேயோ வார்த்த டூப்ளெக்ஸைவிட, ஒழுங்காக வார்த்த 316-ஐயே நான் நம்புவேன்.

கிரானைட் பாலிஷ் யூனிட்காரர்களும் 316 இம்பெல்லர் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு நான் தருவதில்லை. கல் தூள் கலந்த தண்ணீர் அரிப்பதில்லை, தேய்க்கிறது. 316 மென்மையான உலோகம். அங்கே 27 சதவீதக் குரோமியம் உள்ள வெள்ளை வார்ப்பிரும்போ ரப்பர் லைனிங்கோதான் நிற்கும்.

உப்புக்கறை எடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஓட்டும் இடத்தில் இந்தப் பட்டியலில் எதுவும் நிற்காது, டூப்ளெக்ஸ் உட்பட. சல்ஃபாமிக் அல்லது சிட்ரிக் அமிலம் பயன்படுத்துங்கள்.

அந்த ஆலைக்கு ஸ்லீவை 316-இல் கடைந்து கொடுத்தேன். ரிப்போர்ட்டில் குளோரைடு 340 இருந்தது, அதன்மேல் இவர்கள் விடுகிற ஹைப்போகுளோரைட் வேறு. ஜூலையில் சீசன் முடிந்ததும் வால்வை மூடிவிட்டு அடுத்த மே வரை பம்பைத் தண்ணீரோடு நிறுத்திவைப்பார்களாம். அந்தப் பத்து மாதத்தில்தான் குழி தோண்டியிருக்கிறது. அதனால் புது ஸ்லீவோடு ஒரு வேலையையும் தம்பியிடம் சொல்லி அனுப்பினேன்: கடைசி நாள் ஆர்.ஓ. தண்ணீரில் அலசி, டிரெய்ன் பிளக்கைக் கழற்றி, பழைய பேக்கிங்கை உருவிவிட்டு, காற்றடித்துக் காயவைக்க வேண்டும். ஆகஸ்டில் போன் செய்தார். பிளக்கைக் கழற்றித் தன் மேஜை டிராயரில் வைத்திருப்பதாகச் சொன்னார்.