‘பூக்கும் பருவம்’ என்று விற்கிற டென்ட்ரோபியம் லிண்ட்லியை ஆர்க்கிட்: பணம் கட்டுமுன் வேரைப் பாருங்கள்

விளம்பரப் படத்தில் தங்க மஞ்சள் பூ சரம் சரமாகத் தொங்கியது. ‘நர்சரியில் வளர்ந்தது, பூக்கும் பருவம், 650 ரூபாய்.’ பார்சலில் வந்தது மூன்று பல்ப் (நீரைச் சேர்த்துவைக்கும் தடித்த தண்டு). வேரை ஒட்ட நறுக்கி, சொட்டச் சொட்ட நனைந்த தேங்காய் நார்த்தூளில் பொதிந்து, பாலித்தீன் உறைக்குள் ஐந்து நாள் பயணம். மிச்சமிருந்த வேரை இழுத்தால் வெள்ளை உறை கையோடு உருவி வந்தது. உள்ளே நூல் மட்டும். அது செத்த வேர். உயிருள்ள வேர் கெட்டியாக இருக்கும், நனைத்தால் பச்சை காட்டும்.

நர்சரியாம்! வேரடியில் மரப்பட்டைச் சில்லு, இலையில் கல்பாசித் திட்டு. நர்சரிச் செடியின் வேர் பெரும்பாலும் கரித்துண்டையோ தேங்காய் மட்டையையோ பற்றியிருக்கும். இது காட்டு மரத்திலிருந்து பெயர்த்த கொத்து போலத்தான் தெரிகிறது.

அதைத் துண்டுபோடுவது அடுத்த அநியாயம். நாலைந்து பல்பாவது சேர்ந்திருந்தால்தான் செடி தேறும். இலை உதிர்ந்து சுருங்கிய பழைய பல்பில் முளைக்கும் கண் உயிரோடு இருந்தாலும், பூவுக்குச் சில வருஷம் காத்திருக்க வேண்டும். லிண்ட்லியையின் பழைய பெயரான ‘அக்ரிகேட்டம்’ என்று சொல்லி, ஜென்கின்சி என்ற வேறொரு ஆர்க்கிட்டையும் தள்ளிவிடுகிறார்கள். அது இன்னும் குட்டை. சரத்துக்கு ஒன்று முதல் மூன்று பூதான். லிண்ட்லியையில் பத்துக்கு மேலும் வரும்.

இப்படி வந்துவிட்டால் தொட்டியில் நடாதீர்கள். அழுகிய வேரை நெருப்பில் காட்டிய கத்தரியால் வெட்டி, லிட்டருக்கு 2 கிராம் கார்பென்டாசிம்–மேன்கோசெப் பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் பத்து நிமிஷம் முக்கி, ஒரு நாள் நிழலில் உலர்த்துங்கள். பிறகு சொரசொரப்பான மரத்துண்டில் நைலான் நூலால் ஆடாமல் கட்டுங்கள். ஆடினால் புது வேரின் நுனி உரசிக் கருகும். காலையில் மட்டும் தெளிப்பு. புது வேர் இரண்டு சென்டிமீட்டர் நீளும்வரை உரம் வேண்டாம்.

கூடவே வந்த சீட்டில் ‘வருடம் முழுக்க தினமும் தண்ணீர்’ என்றிருந்தது. லிண்ட்லியைக்கு அது சரிவராது. வடகிழக்கு இந்தியா, மியான்மர், தாய்லாந்துக் காடுகளில் குளிர்காலம் முழுக்கக் காய்ந்து கிடந்து, மார்ச் வாக்கில் பூக்கிற செடி. சென்னைப் பக்கம் அது காய வேண்டிய நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. நவம்பரிலேயே கூரைக்கடியில், நல்ல வெளிச்சத்தில் தொங்கவிடுங்கள். பல்ப் ரொம்பச் சுருங்கினால் மட்டும் லேசாகத் தெளித்தால் போதும். மொட்டுச் சரம் தெரிந்த பிறகே பழையபடி தண்ணீர்.

வாங்குமுன் அனுப்பப்போகும் அதே செடியின் அடிப்பக்கப் படத்தைக் கேளுங்கள். பூப்படத்தையே திரும்ப அனுப்பினால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.